அச்சகத்தில் கழிந்த மூன்று ஆண்டுகளை எங்கே எழுதுவது?

(வேலைவாய்ப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுங்கைப்பட்டாணியில் ஓர் இளம்பெண். உயிரியல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்தவர். தந்தை லாரி ஓட்டுநர், தாயார் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். குடும்பத்தில் உயர்கல்விக்குச் சென்ற முதல் பிள்ளை அவர்தான். பட்டமளிப்பு விழாப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்துதான் அவர் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடம், மருந்து நிறுவனம், கையுறைத் தொழிற்சாலை, உணவுப்பொருள் தொழிற்சாலை என்று அறுபதுக்கும் மேல். பதில் வந்தவை நான்கைந்து. அவையும் 'விண்ணப்பத்திற்கு நன்றி' என்பதோடு முடிந்துபோனவை.

ஒரு பக்கம் பிடிபிடிஎன் கல்விக் கடன். மறுபக்கம், "எத்தனை நாளைக்கும்மா இப்படியே இருப்ப? பினாங்கில ஒரு நல்ல பையன் இருக்கான், பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்ட உறவினர்கள்.

இந்த மூன்று ஆண்டுகளும் அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. தாய்மாமனின் சிறிய அச்சகத்தில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அறிக்கை, கடைக்காரர்களின் பில் புத்தகம், உணவகங்களின் விலைப்பட்டியல், ஊறுகாய்ப் போத்தலுக்கு லேபிள் என்று வந்ததையெல்லாம் கணினியில் வடிவமைப்பது, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் மெய்ப்பு பார்ப்பது, தாளுக்கு ஆர்டர் கொடுப்பது, வாடிக்கையாளரிடம் பணம் வசூலிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

ஆனால் அவருடைய தன்விவரக் குறிப்பில், அதாவது ரெஸ்யூமேயில், இந்த அச்சகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "அது படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைதானே, போட்டால் கேவலமாக இருக்காதா?" என்றார்.

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். படித்தது ஒன்று, செய்தது வேறொன்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு, செய்ததை மறைத்துவிடுகிறார்கள். மறைத்த இடத்தில் மூன்று ஆண்டு வெற்றிடம் தெரிகிறது. 'இந்தப் பெண் மூன்று ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருந்தார்?' என்றுதான் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்குக் கேட்கத் தோன்றும். பதில் இல்லாவிட்டால் அவர் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்துவிடுவார்.

அந்த அதிகாரிக்கு நேரமும் இல்லை. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'தி லேடர்ஸ்' எனும் வேலைவாய்ப்பு நிறுவனம், ஆட்சேர்ப்பு அதிகாரிகள் 30 பேரின் கண்ணசைவுகளைக் கருவிகொண்டு பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமே தேறுமா தேறாதா என்று முதல் பார்வையில் முடிவெடுக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 6 விநாடி. 2018இல் அதே நிறுவனம் மீண்டும் பார்த்தபோது அது 7.4 விநாடி. பெயர், இப்போதைய வேலை, முந்தைய வேலை, தேதிகள், படிப்பு ஆகியவற்றின் மீதுதான் கண் பெரும்பாலும் நிற்கிறதாம். பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், வலைப்பந்து என்று நாம் ஆசையாகப் போட்ட வரிக்குக் கண் போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

எந்த வேலைக்கு எந்தத் திறன்?

பல்துறைத் திறன் என்றதும் சிலர் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். கணினி தெரியும், நடனம் தெரியும், முதலுதவி தெரியும், சமையல் தெரியும், ஃபோட்டோஷாப் 80 விழுக்காடு, எக்செல் 90 விழுக்காடு என்று பட்டைகூடப் போட்டுக் காட்டுகிறார்கள். எதில் 80 விழுக்காடு என்று யாருக்கும் தெரியாது. இது பல்துறைத் திறன் ஆகாது, பலசரக்குக் கடையின் சரக்குப் பட்டியல்தான். இரண்டு துறைகள் ஒரே வேலைக்குள் சந்திக்கிற இடம் எது, அந்த இடத்தில் நின்று வேலை செய்ய இவருக்கு என்ன தெரியும் என்று காட்டுவதுதான் காரியம்.

சுங்கைப்பட்டாணிப் பெண்ணுக்கு அந்த இடம் பக்கத்திலேயே இருந்தது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் பினாங்கிலும் மருத்துவச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பல உண்டு. அவர் ஏற்கெனவே ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். இரண்டு முறையும் ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு. அதே தொழிற்சாலை அதே வாரத்தில், தர ஆவணப் பிரிவில் லேபிள்களைச் சரிபார்க்கவும் ஓர் உதவியாளர் தேவை என்று விளம்பரம் செய்திருந்தது. அதைப் பார்த்தும் அவர் தாண்டிப் போய்விட்டார். 'உயிரியல் இல்லையே' என்பது காரணம்.

உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வேலை என்ன? உடலுக்குள் செலுத்தும் ஒரு குழாய், உறையில் அடைத்துக் கிருமி நீக்கம் செய்யப்படுகிறது. உறையின் மேல் லேபிள். அதில் உற்பத்திப் பிரிவு எண், காலாவதித் தேதி, கிருமி நீக்கம் செய்த முறை, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற குறியீடு, தயாரிப்பாளர் பெயர். ஓர் எண் தவறினாலும் அந்தப் பிரிவுச் சரக்கு முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டிவரலாம். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் இருக்கிறது. உலக அளவில் இத்தொழிலுக்கென்றே ஐஎஸ்ஓ 13485 எனும் தர நிர்வாக நிர்ணயம் இருக்கிறது. இரண்டுமே லேபிளை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கிருமி நீக்கம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும், அது உயிரியல். மை ஏன் மங்குகிறது, வெட்டும்போது விளிம்பு எழுத்து ஏன் போய்விடுகிறது, கணினியில் தெரிந்த எழுத்து அச்சில் ஏன் மாறுகிறது என்றும் தெரிய வேண்டும், அது அச்சகம். மலாயும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது பிழை பார்க்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கைவரப் பெற்றவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

கேவலம் என்று அவர் நினைத்த அச்சகம்தான் அவரை மற்ற டிப்ளோமாக்காரர்களிடமிருந்து தனியாகக் காட்டக்கூடியது.

ஐந்நூறு பத்திரிகைகள் வீணான கதை

பழைய ரெஸ்யூமேயில் அவர் எழுதியிருந்தவை: கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படக்கூடியவர், விரைவில் கற்றுக்கொள்பவர். இந்த மூன்று சொல்லும் இல்லாத ரெஸ்யூமே மலேசியாவில் இருக்குமா என்பது சந்தேகம். எல்லாருக்கும் பொருந்துகிற வரி யாரையும் அடையாளம் காட்டுவதில்லை.

அச்சகத்தில் என்னதான் நடந்தது என்று துருவிக் கேட்டபோது ஒரு சம்பவம் வெளியே வந்தது. அவர் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தேதி சரி, கிழமை தவறு. ஐந்நூறு பத்திரிகைகள் அச்சாகிப் பெட்டியில் அடுக்கிய பிறகுதான் மணமகள் வீட்டார் கண்டுபிடித்தார்கள். தாள், மை, கூலி அத்தனையும் மாமா தலையில். மாமா ஒன்றும் திட்டவில்லை. அதுதான் அந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை. மறுவாரமே ஒரு படிவம் தயாரித்தார். பெயர், தேதி, கிழமை, நேரம், இடம், தொலைபேசி எண் ஆகிய ஆறையும் வடிவமைத்தவர் ஒருமுறை, வேறொருவர் ஒருமுறை, வாடிக்கையாளர் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட்ட பிறகுதான் பிளேட் போடுவது என்று விதி வைத்தார். அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளில் தங்கள் தவறால் மறு அச்சுக்குப் போன வேலை ஒன்றுகூட இல்லை.

தொழிற்சாலைகளில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. பிழைக்கான காரணத்தைக் கண்டறிதல், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை, ஆவணக் கட்டுப்பாடு. அவர் அதைத்தான் பெயர் தெரியாமல் செய்திருக்கிறார். ஆகவே புதிய ரெஸ்யூமேயில் அந்த அனுபவம் இப்படி ஆனது. (ஆங்கிலத்தில் எழுதப்பட்டதன் பொருள்:) 'மும்மொழி அச்சு வேலைகளுக்கு வடிவமைப்பும் மெய்ப்பும். ஒரு தேதிப் பிழைக்குப் பின் மூன்று கட்டச் சரிபார்ப்புப் படிவத்தை உருவாக்கி நடைமுறைப்படுத்தினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அச்சகப் பிழையால் மறு அச்சு எதுவும் இல்லை.' இதற்குக் கீழே டிப்ளோமா. அதில் நுண்ணுயிரியல், கிருமி நீக்கச் செய்முறை, ஆய்வுக்கூடப் பதிவேடு எழுதிய பயிற்சி ஆகியவை மட்டும். படித்த பாடம் அத்தனையையும் அடுக்கவில்லை. வலைப்பந்து போய்விட்டது.

ஒரு பக்கத்தில் முடிந்தது. வேறு சில விவரங்களும் போய்விட்டன. அடையாள அட்டை எண், தந்தை பெயர், சமயம், திருமணமாகாதவர் என்ற குறிப்பு. நம்மவர்கள் இன்னமும் இவற்றையெல்லாம் ரெஸ்யூமேயின் தலையிலேயே போடுகிறார்கள். மைகார்டு எண் பன்னிரண்டில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். வேலை விளம்பரம் என்ற பெயரில் மோசடிக் கும்பல்கள் அலைகிற காலத்தில் இதை முன்பின் தெரியாதவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது புத்திசாலித்தனமில்லை. வேலை உறுதியான பிறகு கேட்டால் கொடுக்கலாம். அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்திடம் பதிவு செய்வது வேறு விஷயம், அங்கே கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

அழகுக்காக இரண்டு பத்தி, மூன்று வண்ணம், படத்துக்குள் எழுத்து என்று வடிவமைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கணினி மென்பொருள். படமாகப் போட்ட எழுத்தை அது படிக்காமல் போகலாம். அச்சகத்தில் மூன்று ஆண்டு வேலை செய்த பெண்ணுக்கு வெறும் கறுப்பு எழுத்தில் ஒரு ரெஸ்யூமே அனுப்ப மனம் வரவே இல்லை. அதில் மட்டும் கொஞ்சம் சண்டை நடந்தது.

கடிதம் எழுதிய இரண்டு பேர்

ரெஸ்யூமே விவரம் சொல்லும். இரண்டு துறைகளை இணைத்துக் காட்டும் வேலையை அதனால் முழுமையாகச் செய்ய முடியாது. அதைச் செய்வது கூடவே போகிற கடிதம்.

இது புதிய கலையல்ல. ஏறக்குறைய 1482ஆம் ஆண்டில், முப்பது வயது ஓவியர் ஒருவர் இத்தாலியின் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அந்த வரைவு இன்றும் இருக்கிறது. அவர் லியோனார்டோ டா வின்சி. பத்து எண் போட்ட கடிதம் அது. எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கி, சுரங்கப் பாதை, மூடிய போர் வண்டி என்று போர்ப் பொறியியலாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். பத்தாவதில்தான் அமைதிக் காலத்தில் கட்டடமும் நீர்வழியும் அமைக்கத் தெரியும் என்கிறார். அதற்கும் பிறகு, போகிற போக்கில், சிற்பமும் ஓவியமும் வரும் என்கிறார். உலகமே கொண்டாடும் ஓவியர் ஓவியத்தைக் கடைசியில் வைத்தார். காரணம், படிப்பவருக்கு அப்போது போர்க் கவலை. அதே நேரத்தில், லுடோவிகோவின் தந்தை நினைவாக வெண்கலக் குதிரைச் சிலை ஒன்று செய்யலாம் என்றும் முடிவில் சேர்த்தார். குடும்பப் பெருமை எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தேகமிருந்தால் செய்து காட்டத் தயார் என்றும் எழுதினார்.

இரண்டாவது கடிதம் நமக்கு நெருக்கமானது. 1912 பிப்ரவரி 9ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு 24 வயது இளைஞர் ஒருவர் விண்ணப்பித்தார். எப்ஏ தேர்வில் தேறாதவர். சீனிவாச இராமானுஜன் என்பது அவர் பெயர். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எப்ஏ வரை படித்ததையும் சொன்னார். சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர முடியவில்லை என்று ஒரே வரியில் முடித்தார். ஆனால் அந்தக் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதாக அடுத்த வரியிலேயே சொன்னார். வேலையைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து நிறுத்திக்கொண்டார். கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதமும் உடன் போனது. மார்ச் 1ஆம் தேதி வேலை, மாதம் 30 ரூபாய். கணக்குப் பிரிவின் தலைவர் நாராயண ஐயர் தாமே கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர் என்பது இராமானுஜனுக்கு வாய்த்த நல்ல காலம். ஆனால் கடிதத்தில் கணிதம் பற்றிய அந்த ஒரு வரி இல்லாமலிருந்தால், அது தேர்வில் தோற்ற ஒருவரின் விண்ணப்பமாக மட்டுமே இருந்திருக்கும்.

இடைவெளியை மறைக்கவும் இல்லை, அதைப் பற்றி அழுது புலம்பவும் இல்லை. இதை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.

சுங்கைப்பட்டாணிப் பெண்ணின் கடிதம் மூன்று பத்திகள்தான். முதல் பத்தி தொழிற்சாலையைப் பற்றியது: விளம்பரத்தில் கேட்டிருந்த லேபிள் சரிபார்ப்பு, அதில் ஒரு பிழை எவ்வளவு பெரிய செலவு என்பது. இரண்டாம் பத்தி கல்யாணப் பத்திரிகைச் சம்பவம். தவறு நடந்தது என்று எழுதலாமா என்று அவர் தயங்கினார். தவறே செய்யாதவரைத் தர ஆவணப் பிரிவில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் எழுதினார். மூன்றாம் பத்தி, உயிரியல் படித்ததால் லேபிளில் உள்ள சொற்கள் தமக்கு வெறும் எழுத்துகள் அல்ல, அவற்றின் பொருளும் புரியும் என்பது. ஓர் அச்சுக்காரரும் சொல்ல முடியாத வரி, ஓர் ஆய்வுக்கூட மாணவரும் சொல்ல முடியாத வரி.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் கடிதம் வந்துவிடுகிறது. இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் பிழை திருத்தப் பயன்படுத்திக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஐந்நூறு பத்திரிகைகள் பற்றி அதற்குத் தெரியாது. சொல்லாவிட்டால், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிக் கொடுத்த அதே கடிதத்தைத்தான் ஊரும் பேரும் மாற்றிக் கொடுக்கும்.

அச்சகம் வைத்திருக்கும் மாமா எல்லாருக்கும் இல்லையே என்று சிலர் கேட்கலாம். தைப்பூசத்தின்போது பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிற இளைஞர்களைப் பாருங்கள். நன்கொடை திரட்டி, பானத்துக்குச் சாமான் வாங்கி, இரவு பகலாக ஆள் மாற்றி, குப்பையை அள்ளி, கடைசியில் கணக்கும் ஒப்படைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கணக்கியல் படித்தவராக இருந்தால், கொள்முதலும் களப்பணியும் தெரிந்த கணக்கர் அவர். ரெஸ்யூமேயில் 'சமூகத் தொண்டு' என்று ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார். எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு வெள்ளி என்று எழுதினால்தானே தெரியும்? எஸ்கேஎம் சான்றிதழோடு குளிர்சாதனம் பழுதுபார்த்துக்கொண்டு, வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கி கட்டும் தம்பிக்கும் இதேதான். ஆனால் எண்ணைக் கூட்டிப் போட வேண்டாம். நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன், இரண்டு துறைகளிலுமே இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டுவது நல்லது. அந்தப் பெண் தந்தையிடம் படித்து, தமிழில் பொருள் சொன்னார். லாரி ஓட்டிக் களைத்து வந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பத்தியில் ஓர் இடத்தில், "இது என்னம்மா, புரியலையே" என்றார். அந்த வாக்கியத்தை அவர் மாற்றி எழுதினார். தந்தைக்குப் புரிந்த பிறகுதான் மின்னஞ்சல் போனது.

பதினொரு நாள் கழித்து அழைப்பு வந்தது. நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களை அதிகம் புரட்டவில்லை. பிரிவுத் தலைவர் மேசையின் மேல் இரண்டு லேபிள்களை வைத்து, "ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?" என்று மலாயில் கேட்டார். ஒன்றில் காலாவதித் தேதி உற்பத்தித் தேதிக்கு முந்தையதாக இருந்தது. அதை அவர் உடனே காட்டினார். கூடவே, மற்றொன்றின் ஓரத்தில் வெட்டுக்கத்தி எழுத்தைத் தொட்டிருப்பதையும் காட்டினார். அதைப் பிரிவுத் தலைவரே கவனித்திருக்கவில்லை. பிறகு நாற்பது நிமிடம் அச்சகம் பற்றித்தான் பேச்சு.

ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்தது. நிரந்தரம் இல்லை, சம்பளமும் பெரிதாக இல்லை. கூலிமுக்கு தொழிற்சாலைப் பேருந்தில் போய் வருகிறார். கல்விக் கடனுக்கு மாதா மாதம் கட்டத் தொடங்கிவிட்டார். மாமாவின் அச்சகத்தில் வேறொரு பிள்ளை சேர்ந்திருக்கிறார். மூன்று கையொப்பப் படிவம் அங்கே இன்னமும் இருக்கிறது. மாமா அதில் ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: மணமக்கள் பெயரில் ஆங்கில எழுத்துகள்.